பழைய பிக்கப்பைக் கழட்டினபோது கண்டது: மொரிஸ் மைனர், ஒஸ்ரின், டட்சன்

#1
சந்தியில் திரும்பும்போது இடது முன்சில்லு மடிந்து மட்காட்டுக்குள் படுத்துவிட்டது. அப்போது நடை வேகம்தான். 1962 மொரிஸ் மைனர் பிக்கப், எஞ்சின் புதிதாகப் போர் அடித்தது (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியது), பெயின்ற் கண்ணாடி மாதிரி. கீழ் ட்ரனியன் (ஸ்விவல் பின்னின் மரையில் ஏறி நிற்கும் உலோக மூட்டு) கழன்று, ஸ்விவல் பின் (முன்சில்லு திரும்பும் நிமிர்ந்த தண்டு) தார் ரோட்டைக் கீறிக்கொண்டு நின்றது.

பின்னைக் கையில் எடுத்தால் மரை இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது. ட்ரனியனுக்குள் கிறீஸ் இல்லை, செங்கல் தூள் போலக் காய்ந்த கறள். இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்பது கிறீஸ் நிப்பிள்தான். அதன் தலையில் மூன்று பூச்சுப் பெயின்ற், வண்டியின் அதே பச்சை. அடியைத் துப்புரவாக்கி, நிப்பிளின் மேலாலேயே ஸ்பிறே அடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு எந்தக் கிறீஸ் துப்பாக்கியும் அதில் ஏறவில்லை.

இந்த வண்டியின் முன்பாரம் முழுவதும் டோர்சன் பார் (முறுகிப் பாரம் தாங்கும் நீளக் கம்பி, ஸ்பிறிங்கின் வேலை செய்வது) வழியாகக் கீழ்க்கைக்கு, அதாவது சில்லைப் பிடிக்கும் கீழ்ப்பக்கச் சட்டத்துக்கு வருகிறது. கீழ்க்கை ட்ரனியனைக் கீழ்நோக்கி இழுத்தபடியே இருக்கும். அந்த இழுவையைத் தாங்குவது மரை ஒன்றுதான். மரை தேய்ந்தால் வேறு பிடி இல்லை.

பார்க்கும் முறை: ஜக்கைக் கீழ்க்கையின் அடியில் வைத்துச் சில்லை விரலளவு தூக்குங்கள். செசியில் ஜக் வைத்தால் பாரம் ட்ரனியனிலேயே நிற்கும், ஆட்டம் தெரியாது. ரயருக்கு அடியில் அலவாங்கைக் கொடுத்து மேலும் கீழும் நெம்புங்கள். பின்னுக்கும் ட்ரனியனுக்கும் இடையில் கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய பின்னில் புது ட்ரனியனைப் பூட்டுவது வீண் செலவு. இடது மரை வேறு, வலது மரை வேறு, மாறிப் பூட்ட வராது. ட்ரனியனைக் கடைசிவரை ஓடவிட்டு, ஸ்ரியறிங் இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்பும் அளவுக்கு மட்டும் பின்னால் எடுங்கள். அதற்கு மேல் எடுத்தால் மரையின் பிடி குறைந்துவிடும்.

#2
ட்ரனியனுக்குக் கிறீஸ் போடுவதுதான் பிழை. கிறீஸ் இறுகி வழியை அடைத்துவிடும். 90 கியர் ஒயில் அடித்தால் எந்த இடுக்குக்குள்ளும் போகும். பழைய ஆட்கள் அப்படித்தான் செய்தார்கள்.

#3
தம்பி, அது ட்ரையம்ப் ஹெரல்டுக்குச் சொல்வது. ஹெரல்டில் கீழே மட்டும்தான் மரை வைத்த ட்ரனியன், பித்தளை நிறத்தில் ஒரு குவளை போல இருக்கும், அதற்குள் ஒயில் தேங்கி நிற்கும். மொரிஸில் மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் கிறீஸுக்கென்றே செய்தவை. ஒயில் அடித்தால் ஒரு கிழமையில் ஒழுகிப் பிரேக் பிளேற்றில் படியும். பெயர் ஒன்றாக இருப்பதால் பாவனையும் ஒன்றாகிவிடாது.

கிறீஸ் அடிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. சில்லு தரையில் நின்றால் மரையின் ஒரு முகம் இறுகி ஒட்டியிருக்கும், கிறீஸ் மறுமுகத்தால் மட்டும் ஓடி வெளியே வரும். பார்க்கிறவர் வேலை முடிந்தது என்று நினைப்பார். #1இல் சொன்னதுபோலக் கீழ்க்கையில் ஜக்கை வைத்துப் பாரத்தை எடுத்துவிட்டு, ஸ்ரியறிங்கை இடமும் வலமும் திருப்பித் திருப்பி அடியுங்கள். பழைய கறுப்புக் கிறீஸ் முழுவதும் வந்து புது நிறம் தெரியும்வரை அடிக்க வேண்டும். 1,500 கிலோமீற்றருக்கு ஒருதரம் போதும். மழைக்காலத்தில் வெள்ளத்துக்குள் ஓடின வண்டியானால் வந்த அன்றைக்கே.

நிப்பிள் அடைத்திருந்தால் துப்பாக்கியால் பலவந்தம் பண்ணாமல் கழட்டி எறியுங்கள். நாலு புது நிப்பிளின் விலை ஒன்றும் பெரிதல்ல. பெயின்ற் அடிக்கும் நாளில் நாலின் தலையிலும் வால்வு ரியூப் துண்டைச் சொருகிவிட்டால் #1இல் நடந்தது நடக்காது.

#4
பிரேக் மாஸ்டர் சிலிண்டர். மைனரில் அது சாரதியின் காலடியில், செசிப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. இரண்டு நீள போல்ட்டு குறுக்கே போகும். போல்ட்டை வெளியே இழுக்கப் போனால் டோர்சன் பார் குறுக்கே நிற்கும். கழட்ட வந்த ஒரு பிக்கப்பில் முன்னர் யாரோ கோபத்தில் செசியின் பக்கத்தைக் காஸால் வெட்டிப் போல்ட்டை எடுத்திருந்தார்கள். அந்த ஓட்டையைத் தகரத்தால் மூடிப் புட்டி பூசியிருந்தது. பிரேக் அமத்தும்போதெல்லாம் சிலிண்டர் அந்த இடத்தில் அசைந்ததை நிலத்தட்டைத் திறந்த பிறகுதான் காண முடிந்தது. பெடலை ஒருவர் அமத்த, மற்றவர் குனிந்து பார்க்க, தகரம் மூச்சு விடுவதுபோல வெளியே வந்து உள்ளே போனது.

சரியான வழி: முன்பக்கத்தை ஸ்ராண்டில் ஏற்றி, கீழ்க்கையைத் தாங்கி, டோர்சன் பாரின் இரண்டு முனையிலும் பற்களின் நிலையை உளியால் அடையாளம் இட்டு, பாரைத் தளர்த்தி ஒதுக்குங்கள். அடையாளம் தவறினால் வண்டி ஒரு பக்கம் சரிந்து நிற்கும். திரும்பப் பூட்டும்போது போல்ட்டை மறுபக்கத்தால் விடுங்கள், நட்டு பார் இருக்கும் பக்கம் வரட்டும். அடுத்த தடவை பாரைத் தொடவே தேவையில்லை.

இது ஒற்றைச் சுற்று பிரேக். ஒரு குழாய் வெடித்தால் நாலு சில்லிலும் பிரேக் இல்லை. ஆகவே சிலிண்டரை மட்டும் மாற்றிப் பழைய இரும்புக் குழாயை விடாதீர்கள். 3/16 அங்குலச் செம்பு நிக்கல் குழாயை முழு நீளத்துக்கும் புதிதாக இழுங்கள். ரப்பர் ஹோசும் அப்படித்தான், வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பிரேக்கை விட்ட பிறகும் சில்லு பிடித்தபடி நின்றால் முதலில் ஹோசைச் சந்தேகியுங்கள்.

#5
யாழ்ப்பாணத்து வண்டி வாங்குகிறவர்களுக்கு. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடின ஒஸ்ரின் A40, A55 எல்லாம் இன்றும் கைமாறுகின்றன. சிறு போத்தலில் பெற்றோல் வைத்து, காபரேற்றர் வாய்க்குள் கொஞ்சம் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெயில் ஓடின எஞ்சின்கள் அவை.

ஒரு A55 பிக்கப்பின் ஹெட்டைத் தூக்கினால் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கெஸ்கட். நொக்கிங்கை (எஞ்சின் தட்டும் சத்தத்தை) குறைக்கக் கொம்பிரஷனை இறக்கி வைத்திருந்தார்கள். பிஸ்டன் தலையில் தார் போலக் கரி, நகத்தால் சுரண்ட வராது. சிலிண்டரின் மேல்விளிம்பில் விரலை வைத்தால் படிக்கட்டு மாதிரி ஒரு வரம்பு.

மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. ஆவியாகாத மிச்சம் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு சம்புக்குள் (அடியில் ஒயில் நிற்கும் தொட்டிக்குள்) இறங்கும். அதனால் இந்த எஞ்சின்களில் டிப்ஸ்ரிக்கில் ஒயில் குறையாமல் கூடும். கூடினதைப் பார்த்து எஞ்சின் ஒயில் குடிக்கவில்லை என்று சந்தோஷப்பட்டால் பெயரிங் போய்விடும்.

இப்படியான எஞ்சினுக்குப் புது ரிங் மட்டும் போட்டு விற்கிறார்கள். பழைய ரிங் தேய்ந்து அந்த வரம்புக்கு இசைந்து ஓடியது. புது ரிங்கின் விளிம்பு கூர், வரம்பில் முட்டி உடையும். முதலில் அளவெடுங்கள். A55இன் 1489 சிசி எஞ்சினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 73.03 மி.மீ. மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில், குறுக்காகவும் நெடுக்காகவும் எடுங்கள். வித்தியாசம் 0.15 மி.மீ. தாண்டினால் போர் அடித்து அடுத்த அளவு பிஸ்டன் போட வேண்டும். புது ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராக இறக்கி வாயை அளந்தால் 0.010 முதல் 0.012 அங்குலம் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டிச் சுவரைக் கீறும்.

கழட்டாமலே அறிய: நாலு பிளக்கையும் எடுத்து, அக்சலறேற்றரை முழுதாக அமத்தி, கொம்பிரஷன் பாருங்கள். குறைந்த சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கெஸ்கட்.

#6
எல்லோரும் ட்ரனியன், பிரேக், எஞ்சின் என்றே எழுதுகிறீர்கள். மைனர் கார் வேறு, பிக்கப் வேறு. காருக்குத் தனிச் செசி இல்லை, பிக்கப்புக்கும் வானுக்கும் உண்டு. அந்தச் செசியின் பின்பகுதி, ஸ்பிறிங் தொங்கும் இடம், அங்கேதான் சேறு தேங்கும். கடற்கரையோரம் ஓடின வண்டியானால் சொல்லவே வேண்டாம்.

வாங்கப் போகும்போது ஒரு காந்தம், ஒரு ஸ்குறூ டிறைவர். காந்தம் பிடிக்காத இடம் புட்டி. ஒரு வண்டியில் பின் ஸ்பிறிங் ஹாங்கரில் ஸ்குறூ டிறைவரை வைத்து உள்ளங்கையால் தள்ளினால் கைபிடி வரைக்கும் போய்விட்டது. கறள் இல்லை, நிறம் பூசிய பைபர் துணி. அந்த வண்டிக்குக் குறோம் பம்பர் புதிது.

ஒட்டு வேலைக்கு: வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளிகளை அளந்து எழுதி, கதவு வாசலுக்குள் குறுக்குக் கம்பி ஒட்டுங்கள். செசிக்கு 2 மி.மீ. தகடு, கபினுக்கு 1.2. கபின் தகட்டில் ஒரே இழுவையில் ஒட்டினால் சூட்டில் நெளியும். 25 மி.மீ. இங்கே, அடுத்தது எதிர்முனையில், கை வைக்கக்கூடிய அளவுக்கு ஆறவிட்டு மற்றது. பற்றறி வயரைக் கழட்டுங்கள், பெற்றோல் தாங்கியைக் கழட்டி வளவுக்கு வெளியே வையுங்கள். வெறும் தாங்கிக்குள் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். நீர் வடியும் துளைகளை மூடி ஒட்டிவிடாதீர்கள், அந்தத் துளைகள் அடைபட்டதால்தான் அந்த இடம் உக்கியது.

#7
இவ்வளவு பாடுபட்டு மொரிஸின் 1098 சிசி எஞ்சினைத் திரும்பப் போடுவது ஏன்? டட்சன் 1200 பிக்கப்பின் A12 எஞ்சினைப் போடுங்கள். 1171 சிசி, ஹெட் அலுமினியம், கிராங்குக்கு ஐந்து பெயரிங். மொரிஸில் மூன்றுதான். மைனரின் 48 குதிரைவலு எங்கே, டட்சனின் 68 எங்கே.

செய்ய வேண்டியது: எஞ்சின் மவுன்ற் புதிதாகச் செய்ய வேண்டும். மொரிஸ் கிளச் கம்பியால் இயங்குவது, டட்சனுடையது ஒயிலால் இயங்குவது, ஆகவே கிளச் மாஸ்டர் சிலிண்டருக்கு இடம் ஒதுக்குங்கள். புறொப்பலர் தண்டை டட்சன் முனையும் மொரிஸ் முனையும் சேர்த்து வெட்டி ஒட்டி, கட்டாயம் பலன்ஸ் பண்ண வேண்டும். பலன்ஸ் பண்ணாத தண்டு மணிக்கு 60 கி.மீ.க்கு மேல் நிலத்தட்டை நடுங்க வைக்கும், கியர்பொக்ஸின் பின் புஷ் சீக்கிரம் போகும். டட்சன் றேடியேற்றரையும் சேர்த்து எடுங்கள். எஞ்சின் இலக்கம் மாறினால் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும், பிறகு விற்கும்போது அலைய வேண்டாம்.

டிபரன்ஷலை (பின் அச்சிலுள்ள பற்சக்கரப் பெட்டியை) மறக்காதீர்கள். பழைய 948 சிசி மைனருக்கு 41/9 பல், அதாவது 4.55. 1098 காருக்கு 38/9, அதாவது 4.22. எது இருக்கிறதென்று அறிய ஒரு பின்சில்லை மட்டும் தூக்கி இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். தண்டு நாலரைக்குக் கொஞ்சம் மேல் சுற்றினால் 4.55, நாலேகாலுக்குச் சற்றுக் குறைந்தால் 4.22. மொரிஸ் ரயரில் மணிக்கு 80 கி.மீ.இல் போகும்போது முதலாவதில் எஞ்சின் ஏறத்தாழ 3,300 சுற்று, மற்றதில் 3,000 சுற்று. நீள ஓட்டத்துக்கு இந்த வித்தியாசம் காதிலேயே தெரியும்.

#8
#7 அண்ணை, பயன்படும் தகவல்தான், ஆனால் மிக முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். டட்சன் கியர்பொக்ஸ் இடிக்கிறதென்று அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தை வெட்டுகிறார்கள். மைனரில் டோர்சன் பாரின் பின்முனை இரண்டும் பிடித்திருப்பது அந்தச் சட்டத்தில்தான். முன்பாரத்தின் முறுக்கு முழுவதும் அங்கே வந்து நிற்கிறது. அரைவட்டமாக வெட்டித் தகடு ஒட்டாமல் விட்ட ஒரு பிக்கப்பில் நாலு மாதத்தில் சட்டம் வில் போல முறுக்கி, இரண்டு முன்பக்கமும் தாழ்ந்து, கதவு திறக்க வராமல் போனது. கட்டாயம் வெட்டத்தான் வேண்டுமென்றால், வெட்டுவதற்கு முன்னரே அடியில் 3 மி.மீ. தகட்டில் பெட்டிச் சட்டம் ஒட்டி, பிறகு மேலால் வெட்டுங்கள். வெட்டின ஓரத்தையும் தகடு வைத்து மூடுங்கள்.

பிரேக்கும் அப்படித்தான். 948 வண்டிக்கு முன்பக்கம் 7 அங்குல டிரம். 68 குதிரையை அதில் நிறுத்த நினைக்காதீர்கள். குறைந்தது 1098இன் 8 அங்குல டிரம்மையும் பிளேற்றையும் கொண்டுவந்து பூட்டுங்கள். முன்பக்கம் ஒவ்வொரு டிரம்மிலும் இரண்டு அஜஸ்ரர். ஒன்றை மட்டும் இறுக்கிவிட்டுப் பெடல் ஆழமாய்ப் போகிறது என்று சிலிண்டரை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் சில்லு பிடிக்கும்வரை இறுக்கி ஒவ்வொரு பல் தளர்த்தி, பெடலைப் பலமாக அமத்திவிட்டு, திரும்ப ஒருமுறை பாருங்கள்.

#9
ஒரு சின்ன விஷயம். பழைய மைனரில் பற்றறியின் பொசிற்றிவ்தான் எர்த் (வண்டி உடலோடு இணைத்த பக்கம்). ரேடியோவோ அல்ரனேற்றரோ பூட்டும் நாளில் இது தெரியாமல் வயர் கொடுத்தால் டயோட் ஒரு கணத்தில் கருகும். டைனமோவை வைத்துக்கொண்டே நெகற்றிவ் எர்த்துக்கு மாற்றுவதானால்: பற்றறியைத் திருப்பி, கொயிலின் இரண்டு சின்ன வயரையும் மாற்றி, டைனமோவின் இரண்டு வயரையும் கழட்டி, பற்றறி பொசிற்றிவிலிருந்து ஒரு வயரால் டைனமோவின் F (பீல்ட்) முனையை இரண்டு மூன்று தடவை தொட்டு எடுங்கள். சின்னப் பொறி பறக்கும், அது போதும். இதைச் செய்யாமல் ஓட்டினால் கட்அவுட் (டைனமோவைப் பற்றறியோடு இணைத்துத் துண்டிக்கும் சுவிச்) பொயின்ற் ஒட்டிப்போகும்.

#10
#1க்கு: மேல் ட்ரனியனையும் கழட்டிப் பார்த்தீர்களா? கீழே அவ்வளவு காய்ந்திருந்தால் மேல் நிப்பிளிலும் அதே பச்சைப் பெயின்ற் இருக்கும். வலது பக்கத்தைத் தொடும் முன் வண்டியை ரோட்டில் இறக்க வேண்டாம்.