மோடம் போட்டாச்சுங்களா? – ஈரோட்டு வானிலைக் குழுவில் நாலு நாள்

(மோடம் என்றால் எங்கள் ஊரில் மேகமூட்டம். குழுவில் 41 பேர். பேசுவது எப்போதும் இந்த ஏழெட்டுப் பேர்தான். என் போனில் பெயரோடு ஊரையும் சேர்த்துத்தான் பதிந்து வைத்திருக்கிறேன். வாத்தியார் மட்டும் பவானி, ஓய்வு பெற்றவர். நான் ஈரோடு டவுன்.)

ஏப்ரல் 17

1:46 பகல் – பெருந்துறை தம்பி: (படம்) கார்ல 46 காட்டுதுங்க!! சித்திரை நாலுதான் ஆகுது

1:47 – சென்னிமலை அண்ணன்: தறிக்கூடத்துக்கு வந்து பாரு தம்பி. உன்ற 46 எங்களுக்கு ஊட்டி

1:53 – வாத்தியார்: கண்ணு, அது காத்தோட சூடு இல்ல. தார் ரோடும் உன்ற வண்டி இஞ்சினும் சேந்து காட்டற சூடு. என்ற பெட்டியில 40.4. வெள்ளையடிச்ச பலகைப் பெட்டி, நாலு பக்கமும் காத்து பூந்து போற மாதிரி சட்டம், தரையில இருந்து நாலரையடி ஒசரம். அதுக்குள்ள காட்டறதுதான் கணக்கு

1:54 – பெருந்துறை தம்பி: அதுவே 104க்கு மேலங்களே ஐயா. டிவியில சதம் சதம்னு ரெண்டு வாரமா கத்தறாங்க

1:56 – வாத்தியார்: சதம்னா பாரன்ஹீட்ல 100. செல்சியஸ்ல 37.8தான். நம்மூருக்கு ஏப்ரல்ல அது ஒரு சங்கதியே இல்ல. 2024 ஏப்ரல்ல 42ஐத் தாண்டிப் போனது மறந்து போச்சா?

2:03 – ஈரோடு சித்தி: (பலமுறை பகிரப்பட்டது) சூரியன் பூமிக்கு மிக அருகில் வருவதால் அடுத்த 5 நாட்களுக்கு யாரும் வெளியே வர வேண்டாம்! உடனே அனைவருக்கும் பகிரவும்!!

2:07 – வாத்தியார்: அம்மிணி, பூமி சூரியனுக்குக் கிட்டப் போறது ஜனவரி மொத வாரத்துல, மார்கழிக் குளுருல. இப்ப வெலகிப் போயிட்டு இருக்குது. சுடறதுக்குக் காரணம் பொழுது நம்ம உச்சிக்கு நேரா வந்து நிக்கறது. 20ந் தேதி மத்தியானம் 12:18க்கு வாசல்ல ஒலக்கைய நட்டமா நிறுத்திப் பாருங்க, நெழலே விழாது

2:08 – ஈரோடு சித்தி: அப்ப வெளிய போலாங்களா

2:08 – வாத்தியார்: நெழல் இல்லாத நேரத்துல போகாதீங்க. அந்தச் செய்தியில அது ஒண்ணுதான் நெசம்

2:15 – அந்தியூர் மாமா: வாத்தியாரே நெழல் கதையெல்லாம் இருக்கட்டும். களத்துல மஞ்சள் கெடக்குது. வேக வெச்சு ஒம்பது நாள் ஆச்சு, இன்னும் நாலு நாள் காயோணும். இன்னைக்கு மழை வருமா வராதா?

2:16 – சென்னிமலை அண்ணன்: வரட்டும் மாமா!!! நாலு மாசமா சொட்டு இல்ல

2:16 – அந்தியூர் மாமா: உன்ற ஊர்ல வரட்டும்

2:24 – வாத்தியார்: மாப்ள, இன்னைக்குப் பயமில்லைன்னு நெனைக்கறேன். பழைய வேட்டியில நாடா கிழிச்சு இன்னொரு வெப்பமானியோட குமிழ்ல சுத்தி, நுனியத் தண்ணியில போட்டு வெச்சிருக்கறேன். அது 22 காட்டுது. இது 40, அது 22னா காத்துல ஈரம் நூத்துக்கு 19தான். பனிநிலை, அதாவது காத்துல இருக்கற ஈரம் பனியா எறங்கற சூடு, 12. 40க்கும் 12க்கும் வித்தியாசம் 28, அத 125ஆல பெருக்குனா 3,500. மேகமே கட்டுனாலும் அதோட அடி மூவாயிரத்து ஐநூறு மீட்டர் ஒசரத்துல நிக்கும். அங்கிருந்து விழற சொட்டு கீழ வர்றதுக்குள்ள காஞ்சு போயிரும்

2:25 – சென்னிமலை அண்ணன்: ஐயா கிளாஸ் ஆரம்பிச்சுட்டாரு. பின்னாடி பெஞ்சு தூங்கலாம்

2:31 – கோபி அக்கா: அப்ப இத்தன வெயிலடிச்சும் மழை ஏனுங்க வர மாட்டேங்குது? வெப்பச்சலனம் வெப்பச்சலனம்னு தெனமும் சொல்றாங்க

2:38 – வாத்தியார்: அடுப்பு மட்டும் எரிஞ்சா சோறு வேகுமுங்களா, ஒலையில தண்ணி வேண்டாமா? வெயில் அடுப்பு. தண்ணி வங்காள விரிகுடாவுல இருந்து வரோணும். இப்ப வர்றது கர்நாடகாப் பக்கத்து வறண்ட காத்து. அதுக்கு மேல காத்து கீழ் முகமா அமுங்கற நெலமை வேற, பானைக்கு மூடி போட்ட மாதிரி

4:58 – தாளவாடி அண்ணன்: இங்க கோபுரம் மாதிரி ஏறுது. இடி கேக்குது

5:04 – பெருந்துறை தம்பி: இன்சாட் செயற்கைக்கோள் படத்துல பர்கூர் மலை மேலயும் ஒரு வெள்ளைப் பொட்டு தெரியுதுங்க. ராடார் யாராச்சும் பாத்தீங்களா?

5:09 – வாத்தியார்: காரைக்கால் ராடாருக்கும் நமக்கும் 235 கிலோமீட்டர் கண்ணு. பூமி வளைஞ்சிருக்கறதால அதோட கதிர் நம்ம தலைக்கு மேல அஞ்சு கிலோமீட்டர் ஒசரத்துல போயிரும். கீழ நடக்கறது தெரியாது. கொச்சியில இருக்கறதுக்கு மலை மறைப்பு. மாடிக்குப் போய்ப் பாரு, அதான் நம்ம ராடார்

5:31 – அந்தியூர் மாமா: மேக்கால கருக்கட்டி வருது. வாத்தியாரே நான் மூடறேன்

5:52 – அந்தியூர் மாமா: புழுதி. ஒரே புழுதி. தார்ப்பாய் மேல கல்லு வெச்சும் நிக்க மாட்டேங்குது

6:10 – அந்தியூர் மாமா: முடிஞ்சது. அஞ்சு சொட்டு. எண்ணிட்டேன்

6:14 – வாத்தியார்: (படம்) இதப் பாருங்க. மேகத்துக்கு அடியில தாடி மாதிரி தொங்குது பாருங்க, அதான் மழை. தரைக்கு வரல. சொட்டு காயறப்ப காத்து குளுந்து கனமாகி மொத்தமாக் கீழ விழுது. அது தரையில மோதி நாலாப் பக்கமும் சிதறறதுதான் உங்க புழுதி

6:15 – அந்தியூர் மாமா: மழை பேயலைன்னு சந்தோசப்படறதா, காத்து அடிச்சுதுன்னு அழுகறதா

9:40 இரவு – அந்தியூர் மாமா: தார்ப்பாய்க்குள்ள மஞ்சள் வேர்த்துப் போச்சு. நானும் அவளும் பேட்டரி லைட்ட வெச்சுட்டு பரத்தி விட்டுட்டு இருக்கறோம். வானிலை அறிக்கையில "ஓரிரு இடங்களில் மழை"னு போட்டுட்டா ஆச்சா? அந்த எடம் அந்தியூரா ஆப்பக்கூடலா, யாரக் கேக்கறது?

9:48 – வாத்தியார்: நாயமான கோவம். ஆனா அந்த வார்த்தைக்கு ஒரு அளவு இருக்குதுங்க மாப்ள. ஒரு பகுதியில இருக்கற மழைமானியில நூத்துக்கு 25 வரைக்கும் நனைஞ்சா "ஓரிரு". 50 வரைக்கும் "ஒருசில". அதத் தாண்டுனா "பல". முக்காலுக்கு மேல போனா "பெரும்பாலான". ஓரிரு இடங்கள்னு போட்டா நாலுல மூணு பேருக்கு மழை இல்லைன்னுதான் அர்த்தம்

9:49 – சென்னிமலை அண்ணன்: அந்த மூணு பேரும் சென்னிமலைதான்

ஏப்ரல் 18

7:20 காலை – கோபி அக்கா: வெடியாலயே முதுகு ஒட்டுது. வாய்க்கால் மேட்டுல தட்டான் தாழ்வாப் பறக்குது

7:26 – வாத்தியார்: காத்து மாறிப்போச்சுங்க அம்மிணி. தென்கிழக்கு. தட்டானுக்கு நம்மளுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்குது

1:15 பகல் – பெருந்துறை தம்பி: நாளைக்கு மழை கணிக்கற ஐரோப்பிய கம்ப்யூட்டர் மாடல் நம்ம வடக்குப் பக்கம் 20 மி.மீ. காட்டுது. அமெரிக்க மாடல் சுத்தமா சைபர்

1:16 – கோபி அக்கா: ரெண்டு டாக்டர் ரெண்டு மருந்து. எனக்குக் காத்து எத்தன வரும்னு சொல்லு தம்பி. கதலி வாழை 900 நிக்குது, எல்லாம் தார் விட்டது. முட்டுக் குடுத்தது பாதிக்குத்தான்

1:17 – பெருந்துறை தம்பி: காத்தெல்லாம் மாடல்ல சரியா வராதுங்க்கா

ஏப்ரல் 19

1:32 பகல் – வாத்தியார்: 39.2. ஈரத்துணி 25. பனிநிலை 12ல இருந்து 19க்கு ஏறிருச்சு. மேகத்தோட அடி 2,500 மீட்டர். முந்தாநாளுக்கு ஆயிரம் மீட்டர் எறங்கிருக்குது. சொட்டு பொழைச்சு வந்து சேரும்

1:33 – சென்னிமலை அண்ணன்: ஒரு டிகிரி கொறஞ்சிருக்குதுன்னு சொல்றீங்க, இங்க சட்டை பிழியற மாதிரி நனைஞ்சு கெடக்குது

1:35 – அந்தியூர் மாமா: வாத்தியாரே ஒரே வார்த்தை. மூடட்டுமா?

1:44 – வாத்தியார்: ஒரே வார்த்தையில சொன்னா பொய்யாப் போயிரும். மூணு மூணரைக்கு பர்கூர்ப் பக்கம் பாருங்க. மேகத்தோட அடி தட்டையாக் கறுத்து, தலை காலிப்ளவர் மாதிரி மொழுமொழுன்னு ஏறுச்சுன்னா மூடுங்க. மேல் காத்து இன்னைக்கு வடமேக்கு, அங்க கட்டறது உங்க பக்கந்தான் தள்ளும். தப்பாப் போனா என்னையத் திட்டுங்க

1:45 – அந்தியூர் மாமா: திட்டறதுக்குத் தெம்பு இருந்தாப் பாக்கலாம்

3:12 – அந்தியூர் மாமா: (படம்)

3:13 – வாத்தியார்: மூடுங்க

3:13 – நான்: மூடுங்க மாமா

3:48 – தாளவாடி அண்ணன்: ஆலங்கட்டி. நெல்லிக்காய் பருமன். நாய் கட்டிலுக்கு அடியில போயிருச்சு

4:20 – அந்தியூர் மாமா: குவிச்சு மூடியாச்சு. விரலி மஞ்சள் பூராவும் செட்டுக்குள்ள போட்டாச்சு, கெழங்கு மஞ்சள் மட்டுந்தான் களத்துல. பக்கத்துக் காட்டுப் பசங்க நாலு பேரு சொல்லாமயே வந்து கூடை புடிச்சாங்க

4:41 – கோபி அக்கா: மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல 12 எண்ணுனேன்

4:41 – வாத்தியார்: நாலு கிலோமீட்டர்தான் அம்மிணி. தோப்புல ஆள் இருந்தா வூட்டுக்குள்ள வரச் சொல்லுங்க. தென்னை மரத்தடி ஆகவே ஆகாது. தாமினி செயலியிலயும் மின்னல் எச்சரிக்கை வந்துருச்சு. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகற வரைக்கும் யாரும் வெளிய போகோண்டாம்

4:55 – அந்தியூர் மாமா: வந்துருச்சு

4:56 – அந்தியூர் மாமா: (குரல் செய்தி 0:21)

4:58 – நான்: மாமா பேசுனது ஒண்ணும் கேக்கல, தகரத்து மேல மழைதான் கேக்குது. இங்க மண்வாசம் மட்டும் வந்துருக்குது

5:01 – பெருந்துறை தம்பி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

5:02 – சென்னிமலை அண்ணன்: எங்களுக்கு ஏதாச்சும்?

5:20 – கோபி அக்கா: மழைக்கு முன்னால வந்த காத்துலயே வாழை போச்சு. கெழக்கு மூலையில ஒண்ணுகூட நிக்கல

(தம்பி 5:01க்கு என்ன போட்டான் என்று எனக்குத் தெரியும். "சீசனோட மொத மழை, சூப்பர்!!!" என்று மூன்று ஆச்சரியக்குறி. அக்கா செய்தி வந்த அடுத்த நிமிடம் எடுத்துவிட்டான்.)

5:24 – வாத்தியார்: மழை விட்டாலும் இப்பவே தோப்புக்குப் போகாதீங்க அம்மிணி. வெடியாலப் பாத்துக்கலாம்

5:31 – அந்தியூர் மாமா: ஆளுங்களக் கூட்டிட்டு வெடியால வர்றேன் தங்கச்சி. அறுத்த தாரை மண்டிக்காவது அனுப்பலாம்

6:40 – பெருந்துறை தம்பி: அக்கா நானும் வர்றனுங்க, நாளைக்கு லீவுதான்

ஏப்ரல் 20

8:34 காலை – வாத்தியார்: எட்டரைக் கணக்கு. பவானி 4.2 மி.மீ. மத்தவங்க சொல்லுங்க

8:35 – தாளவாடி அண்ணன்: 26

8:36 – கோபி அக்கா: 31ன்னு எங்கூட்டுக்காரர் அளந்தாரு

8:37 – அந்தியூர் மாமா: 18. சட்டியில அடிக்குச்சி வெச்சுப் பாத்தேன்

8:38 – வாத்தியார்: சட்டி சுவர் நேரா இருந்துச்சுங்களா? மேல அகலமா இருந்தா எச்சாக் காட்டும்

8:38 – அந்தியூர் மாமா: நேராத்தான் இருந்துச்சு. வாத்தியார்கிட்ட அடி வாங்கறதுக்கு நான் என்ன எட்டாவதா படிக்கறேன்

8:39 – சென்னிமலை அண்ணன்: சென்னிமலை 0. சட்டி நேராத்தான் இருந்துச்சு

8:40 – பெருந்துறை தம்பி: பெருந்துறையும் 0. நேத்து மழையத்தான ஐயா சொல்றோம், நீங்க 20ந் தேதியில எழுதறீங்க?

8:42 – வாத்தியார்: நேத்து எட்டரையில இருந்து இன்னைக்கு எட்டரை வரைக்கும் பேஞ்சது இன்னைக்குக் கணக்கு கண்ணு. எல்லா நெலையத்துலயும் அப்படித்தான்

9:15 – கோபி அக்கா: எண்ணிப் பாத்தாச்சு. 212 மரம் சாஞ்சிருச்சு. முட்டுக் குடுத்த பக்கம் ஏழுதான்

9:18 – வாத்தியார்: சாஞ்சத வெட்டறதுக்கு முன்னால படம் எடுத்து வெச்சு கிராம நிர்வாக அலுவலர்கிட்ட எழுதிக் குடுத்துருங்க. 33 சதவீதத்துக்கு மேல சேதமிருந்தாத்தான் நிவாரணக் கணக்குல வரும்

9:20 – கோபி அக்கா: 900ல 212ன்னா நூத்துக்கு 24 கூட இல்லீங்க ஐயா. நானே கணக்குப் போட்டுட்டேன்

9:20 – கோபி அக்கா: சரி போகட்டும். தம்பியும் மாமாவும் வந்துட்டாங்க, தார் அறுத்துட்டு இருக்கறாங்க. இட்லி ஊத்தோணும்

12:19 பகல் – ஈரோடு சித்தி: (படம்) ஒலக்கைய நிறுத்திப் பாத்தனுங்க. நெழலைக் காணோம்!! பக்கத்து வூட்டுக் கொழந்தைங்க எல்லாம் வந்து பாத்துச்சுங்க

12:21 – வாத்தியார்: இதப் பகிருங்க அம்மிணி, அனைவருக்கும்

1:05 – அந்தியூர் மாமா: (குரல் செய்தி 0:04)

1:06 – நான்: என்ன மாமா சத்தம் அது, டக்குனு?

1:07 – அந்தியூர் மாமா: விரலிய ஒடிச்சேன். ஒடிக்கறப்ப இந்தச் சத்தம் வந்தா உள்ள ஈரமில்லைன்னு அர்த்தம். களத்துல கெடந்த கெழங்குல ஒரு மூட்டை அடிநனைஞ்சு கருத்துப் போச்சு, மத்தது தப்பிச்சுது

1:40 – சென்னிமலை அண்ணன்: வாத்தியாரே, இன்னைக்கு ஈரத்துணி எத்தனைங்க?

1:43 – வாத்தியார்: 25.4

1:43 – சென்னிமலை அண்ணன்: தறிய நிறுத்தறேன். மொட்டை மாடிக்குப் போறேன்