அமரில்லோவில் நிற்கும் 946: இடம் சரியா?

தென்றல்நாடன்:
நாசாவின் விண்வெளி ஓடங்கள் 2011இல் ஓய்வுபெற்றபோது, அவற்றைத் தரையிறக்கக் கற்றுக்கொடுத்த நான்கு கல்ஃப்ஸ்ட்ரீம்-2 பயிற்சி விமானங்களுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. அவற்றில் 946 என்ற எண்ணுடையது அதே ஆண்டு செப்டம்பரில் டெக்சாஸின் வடமூலையில் உள்ள அமரில்லோவுக்குப் பறந்து போய், அங்குள்ள அருங்காட்சியகத்தில் சேர்ந்தது. இது தவறு என்பது என் கட்சி. ஹூஸ்டனில் நிஜமான 747 விமானம் ஒன்றின் முதுகில் மாதிரி ஓடத்தை ஏற்றிக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 946 நிற்க வேண்டிய இடம் அதன் பக்கம். இரண்டு லட்சம் பேர் வாழும் ஊர், சுற்றிலும் வெறும் சமவெளி, பெருங்காற்று, ஆலங்கட்டி மழை. அங்கே யார் தேடிப்போய்ப் பார்க்கப் போகிறார்கள்? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பார்ப்பதற்கு அது தொழிலதிபர்கள் ஏறிப்போகும் விமானம்தான். ஆட்களை நிறுத்திப் பார்க்கவைக்கும் அழகு, விண்வெளி வீரர்கள் பறந்து பழகும் டி-38 ஜெட் விமானத்துக்குத்தான் உண்டு. வைப்பதானால் அதை வையுங்கள்.

ரிவெட்:
வான்படைப் பராமரிப்புப் பிரிவில் 22 ஆண்டுகள் இருந்தவன், அதில் பாதி தாம்பரத்தில் கிரண் பயிற்சி விமானங்களோடு. அந்த உரிமையில் சொல்கிறேன்: நீங்கள் விமானத்தின் தோலைப் பார்த்துவிட்டுப் பேசுகிறீர்கள்.

ஓடம் தரையிறங்கும்போது அதற்கு எஞ்சின் உதவி கிடையாது. தவறிவிட்டால் இன்னொரு சுற்று வர முடியாது. பயணிகள் விமானம் சுமார் 3 பாகைச் சரிவில் இறங்கும். ஓடம் ஏறக்குறைய 20 பாகையில், கல்லைப் போட்டதுபோல் விழும். அதைப் பழக்குவதற்காக நல்ல விமானம் ஒன்றை வேண்டுமென்றே மோசமாகப் பறக்கவைத்தார்கள். பதினோரு கிலோமீட்டர் உயரத்திலேயே முதன்மைச் சக்கரங்களை இறக்கிவிடுவார்கள். மற்ற விமானங்கள் தரையைத் தொட்ட பிறகு இயக்கும் ரிவர்ஸ் விசையை இதில் பறக்கும்போதே இரண்டு எஞ்சின்களிலும் இயக்குவார்கள். இறக்கையின் பின்விளிம்பில் உள்ள தகடுகளான ஃபிளாப்புகள் மேல்நோக்கியும் மடங்கும். வலது இருக்கையில் பயிற்றுநர், அவர் கையில் கல்ஃப்ஸ்ட்ரீமின் வழக்கமான கட்டுப்பாடுகள். இடது இருக்கையில் விண்வெளி வீரர், அவர் கையில் ஓடத்தின் கட்டுப்பாடுகள். ஒரே அறையில் இரண்டு விமானங்கள்!

எனக்குப் பிடித்தது கடைசிக் கட்டம். சக்கரம் ஓடுபாதையைத் தொடவே தொடாது. ஓடத்தின் விமானி அறை தரையிலிருந்து நல்ல உயரத்தில் இருக்கும். ஆகவே பயிற்சி விமானம் ஏறக்குறைய 20 அடி உயரத்தில் இருக்கும்போதே வீரரின் கண் சரியான உயரத்துக்கு வந்துவிடும். பச்சை விளக்கு எரியும்; அதுதான் "தரை தொட்டாயிற்று" என்பதற்கு அடையாளம். உடனே பயிற்றுநர் மேலே தூக்கிக்கொண்டு போவார். ஒரு கமாண்டர் ஆவதற்குள் இப்படிக் குறைந்தது ஆயிரம் முறை இறங்கிப் பார்த்திருக்க வேண்டும்.

தென்றல்நாடன்:
அருமையாகச் சொன்னீர்கள். ஆனால் நீங்கள் சொன்ன எல்லாமே விமானி அறைக்குள் இருக்கிறது. அப்படியானால் முன்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து ஹூஸ்டன் கூடத்துக்குள் வைத்துவிடலாமே? மழை படாது, வெயில் படாது.

ரிவெட்:
வெட்டுவதா! ஃபிளாப்பும் எஞ்சினும் என்ன செய்ய வேண்டும் என்று கணக்குப்போடும் கணினிகள் பின்னால் பயணிகள் பகுதியில் இருந்தன. தலையை வெட்டிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் கிடைப்பது வெறும் சிமுலேட்டர். சிமுலேட்டர் வேறு எங்கும் கிடைக்கும். இது காற்றில் நடந்தது.

கயல்விழி:
நான் இயற்பியல் ஆசிரியை. டி-38ஐ இவ்வளவு எளிதாக "அழகு" என்று தள்ளிவிட வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். 1959இல் முதலில் பறந்த விமானம், இன்றும் நாசாவில் ஓடிக்கொண்டிருக்கிறது. கமாண்டர்களும் விமானிகளும் மட்டுமல்ல, கல்பனா சாவ்லா போன்ற வல்லுநர்களும் பின் இருக்கையில் அமர்ந்து பழகியது அதில்தான். சிமுலேட்டரில் தப்பு செய்தால் பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். டி-38இல் அது நடக்காது, அதுவே பயிற்சி. அதில் பறந்தபோது உயிர்விட்ட விண்வெளி வீரர்களைச் சொல்கிறேன். 1964 அக்டோபரில் தியோடர் ஃப்ரீமன், காட்டு வாத்து மோதி. 1966 பிப்ரவரியில் செயின்ட் லூயிஸில் எலியட் சீயும் சார்லஸ் பேசெட்டும். அவர்கள் பறக்கவிருந்த ஜெமினி-9 விண்கலம் உருவாகிக்கொண்டிருந்த அதே கட்டடத்தின் மீது மோதினார்கள். 1967 அக்டோபரில் கிளிஃப்டன் வில்லியம்ஸ். நான்கு பேரும் விண்வெளிக்குப் போகாமலேயே இறந்துபோனவர்கள். கம்பத்தின் மேல் மூக்கை உயர்த்தி நிற்கும் டி-38க்குக் கீழே இதை எழுதுங்கள். வேகத்தையும் நீளத்தையும் மட்டும் எழுதினால் அது விளம்பரப் பலகை.

மலைக்கோட்டை:
சண்டைக்கு நடுவில் ஒரு சிறு தகவல். அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தில் இருந்த டியூ-142 கடல் ரோந்து விமானங்கள் 29 ஆண்டுகள் உழைத்துவிட்டு 2017இல் ஓய்வுபெற்றன. ஒன்று விசாகப்பட்டினத்துக்குப் பறந்து போனது. அங்கே பிரித்து, கடற்கரைச் சாலைக்குக் கொண்டுபோய் மறுபடி பூட்டி அருங்காட்சியகம் ஆக்கினார்கள். கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் உப்புக்காற்று அலுமினியத்தை என்ன செய்யும் என்பதை ரிவெட் ஐயாவே சொல்லட்டும். கூட்டம் இருக்கும் இடமும் விமானத்துக்கு நல்ல இடமும் ஒன்றாக இருப்பதில்லை.

ரிவெட்:
தம்பி சரியான இடத்தில் கை வைத்தார். பிரித்துப் பூட்டுவது என்பது கேட்க எளிது. இறக்கை இணைப்பில் உள்ள போல்ட்டுகள் பல பத்தாண்டுகள் அசையாமல் இருந்தவை. சிலவற்றைத் துளைத்துத்தான் எடுக்க முடியும். குழாய்களையும் கம்பிகளையும் துண்டிப்பார்கள், திரும்ப இணைக்க மாட்டார்கள், எப்படியும் பறக்கப்போவதில்லை அல்லவா? டி-38 சிறியது, இறக்கை நுனிக்கு நுனி 7.7 மீட்டர்தான், அதுவே சாலைக்கு அதிகம். அதன் இருக்கைகளை வெளியே வீசும் வெடிபொருளையும் முதலில் எடுத்தாக வேண்டும். 946க்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அருங்காட்சியகம் விமான நிலையத்திலேயே இருப்பதால், வந்து இறங்கி, உருண்டு போய் நின்றுவிட்டது. பறந்த உடம்பு அப்படியே இருக்கிறது. ஹூஸ்டனில் அந்த 747ஐ நிறுத்துவதற்குப் பிரித்துத்தான் சாலையில் கொண்டுபோனார்கள், 2014இல்.

தென்றல்நாடன்:
போக்குவரத்து வசதிக்காக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்ன நியாயம்?

ரிவெட்:
அதற்காக மட்டும் என்று யார் சொன்னது? அந்த விமான நிலையத்தின் பெயர் என்ன என்று பார்த்தீர்களா? ரிக் ஹஸ்பண்ட். 1957இல் அமரில்லோவில் பிறந்தவர், கொலம்பியா ஓடத்தின் கமாண்டர். இந்த வகை விமானத்தில்தான் மீண்டும் மீண்டும் இறங்கிப் பழகினார். 2003 பிப்ரவரி 1 அன்று, ஓடுபாதைக்கு இன்னும் 16 நிமிடங்கள் இருக்கையில், டெக்சாஸ் வானில் கொலம்பியா சிதறியது. ஏழு பேரும் போய்விட்டார்கள். பழகிய அந்தத் தரையிறக்கத்தைச் செய்ய அன்று அவருக்கு வாய்ப்பே வரவில்லை. விமானத்தை அவர் ஊரில் நிறுத்தாமல் வேறு எங்கே நிறுத்துவது?

தென்றல்நாடன்:
(சற்று யோசித்த பிறகு) இதற்கு எதிராகப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆலங்கட்டி மழைக்கு ஹஸ்பண்டின் பெயர் தெரியாது. அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ரிவெட்:
கூரை வேண்டும். அதில் சண்டை இல்லை. எந்தப் பழைய விமானத்துக்கும் வேண்டும்.

கயல்விழி:
எனக்கு ஒரே ஒரு கேள்வி. பிள்ளைகளை அந்த இடது இருக்கையில் உட்காரவிடலாமா? 20 பாகை என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுவதை விட அது ஆயிரம் மடங்கு மேல்.

ரிவெட்:
கூடவே கூடாது, அம்மா. ஓய்வுபெற்ற விமானம் ஒன்றைப் பொதுமக்கள் பார்வை நாட்களில் பிள்ளைகளுக்காகத் திறந்துவிட்டோம். ஆறு மாதத்தில் விமானி அறையில் ஒரு குமிழ் மிஞ்சவில்லை. உயரமானியின் முள்ளைக்கூட யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பெரியவர்கள்தான் என்பது என் சந்தேகம்.

தென்றல்நாடன்:
ஆக, போகவும் தொலைவு, உட்காரவும் கூடாது. என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள், ஐயா.