மகள் கொண்டுவந்த பாரம்: கையெழுத்துப் போடலாமா?

சிப்புட்காரன்
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். மகள் இந்த ஆண்டுதான் தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம் சேர்ந்தாள். நேற்று புத்தகப்பையின் அடியில் இருந்து கசங்கிய பாரம் ஒன்றை எடுத்து நீட்டினாள். கர்ப்பப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமிக்கு எதிரான தடுப்பூசி போடப் பெற்றோரின் சம்மதம் கேட்கிறார்கள். முழுவதும் மலாயில் இருக்கிறது. எனக்கு மலாய் வரும். என் மனைவி அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு இந்த ஊசி எதற்கு? நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்கள்?" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். பாரம் இப்போது சாமி மேடையில், திருநீற்றுத் தட்டுக்கு அடியில் இருக்கிறது. வியாழக்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் என்ன செய்தீர்கள்?

பழைய கிராணி
தம்பி, உங்கள் வீட்டம்மா சொல்வதுதான் சரி. நாற்பது வருடம் தோட்டத்தில் கணக்கு எழுதியவன் நான். அம்மைக்குக் குத்தினார்கள், காசநோய்க்குக் குத்தினார்கள், மறுபேச்சு இல்லாமல் கையை நீட்டினோம். அவை காற்றில் வருகிற நோய்கள். பக்கத்து லயத்தில் ஒருவனுக்கு இருமல் வந்தால் நமக்கும் வரும். இது அப்படியா? ஆண் பெண் உறவால் வருகிற கிருமிக்கு, இன்னும் தலையை ஒழுங்காகப் பின்னத் தெரியாத பிள்ளைக்கு ஊசி போடுவதா? "நீ எப்படியும் தடம் மாறுவாய்" என்று நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகாதா?

இன்னொன்று. தமிழ்நாட்டில் இருந்து ஒரு காணொளி வந்தது. இந்த ஊசி போட்ட பெண்களுக்குக் கரு தங்காது என்று ஒரு வைத்தியர் சொல்கிறார். வேண்டுமானால் அனுப்புகிறேன்.

97இல் பிறந்தவள்
தாத்தா, காணொளி வேண்டாம், அந்த வைத்தியரையே எங்கள் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். என் மகனை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டால் நான் நிம்மதியாகத் துணி துவைப்பேன்.

2010இல் இந்த நாட்டில் திட்டம் தொடங்கியபோது முதல் அணியில் நின்றவள் நான். அப்போது மூன்று ஊசி. பள்ளி மண்டபத்தில் மேசை போட்டு வரிசையாக உட்காரவைத்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவள் ஊசி போட்டதும் துள்ளி எழுந்தாள், இரண்டு எட்டு வைத்தாள், அப்படியே சரிந்தாள். கையில் இருந்த மைலோ பெட்டி உருண்டு தாதியின் காலடியில் போய் நின்றது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறாள். கால் மணி நேரத்தில் எழுந்து கரிபாப் தின்றாள். இன்று அவளுக்கு இரண்டு பிள்ளைகள். என் அம்மா பாரத்தைப் படித்தாரா என்று கேட்டால் சிரிப்பார். ஆசிரியர் சொன்னார், போட்டேன் என்பார்.

செம்பனை நிழல்
சகோதரி, உங்கள் மகனும் உங்கள் தோழியின் பிள்ளைகளும் ஆதாரம் ஆகமாட்டார்கள். காணொளி வைத்தியரும் ஆகமாட்டார். ஆனால் உங்கள் அம்மா படிக்காமல் கையெழுத்துப் போட்டார் என்று நீங்கள் வேடிக்கையாகச் சொல்கிற இடம்தான் எனக்கு உறுத்துகிறது.

இந்தியாவில் 2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்கு இதே ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். பல பாரங்களில் பெற்றோரின் கையெழுத்து இல்லை, விடுதிக் காப்பாளர் போட்டிருந்தார். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வந்து 2010இல் எல்லாம் நிறுத்தப்பட்டது. ஊசி போட்ட பெண்களுக்கு உபாதைகள் வந்ததாகப் புகார் எழுந்ததும் ஜப்பான் 2013இல் இந்த ஊசியைப் பரிந்துரைப்பதையே நிறுத்திவைத்தது. நான் ஒழுக்கம் பற்றிப் பேசவில்லை, ஐயா பேசிவிட்டார். நான் கேட்பது வேறு. நம் சனம் துரை சொன்னால் செய், கிராணி சொன்னால் செய் என்று மூன்று தலைமுறை வாழ்ந்துவிட்டது. இப்போது பாரம் சொன்னால் செய்வதா?

அதோடு, அன்று மூன்று ஊசி, பிறகு இரண்டு, இப்போது ஒன்றே போதும் என்கிறார்கள். முதலில் எதைத் தெரிந்துகொண்டு மூன்று போட்டார்கள்?

பழைய கிராணி
கிராணி சொன்னால் செய் என்று எழுதியதை நான் பார்த்தேன். பரவாயில்லை.

ஓய்வு பெற்ற தாதி
முப்பத்திரண்டு வருடம் அரசாங்க மருந்தகங்களில் வேலை பார்த்தேன், பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் குத்தியிருக்கிறேன். ஒவ்வொன்றாக வருகிறேன், கொஞ்சம் நீளும்.

கிராணி ஐயாவுக்கு முதலில். 1989இல் இருந்து இந்த நாட்டில் பிறக்கிற குழந்தைகளுக்கு ஹெப்பட்டைட்டிஸ் பி ஊசி போடுகிறோம். அந்தக் கிருமி இரத்தத்தாலும் பரவும், உறவாலும் பரவும். தொட்டிலில் கிடக்கிற குழந்தையைப் பார்த்து "இது நாளைக்குத் தடம் மாறும்" என்று யாராவது சொன்னார்களா? உங்கள் பேரப்பிள்ளைகள் எல்லோரும் போட்டிருப்பார்கள். 1980களில் ஆறாம் ஆண்டுப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ரூபெல்லா ஊசி போட்டோம். பின்னாளில் அவர்கள் கருத்தரிக்கும்போது குழந்தைக்கு ஊனம் வரக்கூடாது என்பதற்காக. அப்போதும் வயது பன்னிரண்டுதான். ஒரு தகப்பனும் சண்டைக்கு வரவில்லை. ஊசியின் பெயரோடு உறவு என்ற சொல் சேர்ந்து வந்தால் மட்டும் நமக்கு வியர்க்கிறது.

சின்ன வயதில் போடுவதற்குக் காரணம் இரண்டு. கிருமி உடம்பில் புகுவதற்கு முன்னால் போட்டால்தான் தடுக்கும், புகுந்த கிருமியை இது விரட்டாது. ஒன்பது முதல் பதினான்கு வயது வரை உடம்பு எதிர்ப்புச் சக்தியை அதிகமாக உண்டாக்குகிறது. மருந்தில் உயிருள்ள கிருமி இல்லை. கிருமியின் மேல்தோல் புரதத்தை மட்டும் தனியாகச் செய்து வைத்திருக்கிறார்கள், அதனால் ஊசியால் அந்த நோய் வர வழியே இல்லை.

செம்பனை நிழல் சொன்ன இந்தியக் கதை உண்மை. பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்த மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பு இருந்ததாக விசாரணையில் தெரியவில்லை. ஒரு பிள்ளை நீரில் மூழ்கியது, ஒன்றைப் பாம்பு கடித்தது, இரண்டு பிள்ளைகள் பூச்சிமருந்து குடித்தார்கள். ஆனால் கையெழுத்து விஷயத்தில் நடந்தது பெரிய தவறு. அங்கே நீங்கள் சொல்வதற்கு மறுபேச்சு இல்லை. ஜப்பானில் நகோயா நகரம் ஆயிரக்கணக்கான பெண்களிடம் கேட்டுப் பார்த்தது. ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் அந்த உபாதைகளில் வித்தியாசம் தெரியவில்லை. 2022 ஏப்ரலில் ஜப்பான் பரிந்துரையை மீண்டும் தொடங்கிவிட்டது. இடையில் ஒன்பது வருடம் அங்கே பெரும்பாலான பெண் பிள்ளைகள் ஊசி போடாமல் வளர்ந்துவிட்டார்கள்.

மூன்று ஏன் ஒன்றானது என்பது நல்ல கேள்வி. கோஸ்டா ரிக்கா நாட்டில் நடந்த ஆய்வில் சில பெண்கள் முதல் ஊசியோடு நின்றுவிட்டார்கள். பத்து வருடம் தாண்டியும் அவர்களுக்குப் பாதுகாப்பு இருந்தது. இன்னும் சில ஆய்வுகளும் வந்த பிறகு 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் ஒன்று அல்லது இரண்டு போதும் என்றது. கூடுதலாகப் போட்டு உறுதி செய்துகொண்டு பிறகு குறைத்தார்கள். தலைகீழாக நடந்திருந்தால் நானே கோபப்பட்டிருப்பேன்.

கரு தங்காது என்ற பேச்சுக்கு: டென்மார்க்கில் ஏறக்குறைய பத்து லட்சம் பெண்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். இளவயதில் சினைப்பை செயலிழப்பதற்கும் இந்த ஊசிக்கும் தொடர்பு தெரியவில்லை. கருப்பையையே எடுக்கவைக்கக்கூடியது இந்த ஊசி தடுக்கிற புற்றுநோய்தான்.

பழைய கிராணி
எல்லாம் வெள்ளைக்காரன் நாட்டுக் கணக்கு. ஒழுங்காக இருக்கிற பெண்ணுக்கு இந்த நோய் ஏன் வரவேண்டும்? அதற்குப் பதில் வரவில்லையே அம்மா.

ஓய்வு பெற்ற தாதி
வருகிறது ஐயா. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

பால் மரம் சீவிக்கொண்டிருந்த ஓர் அம்மா. மாதவிலக்கு நின்று நான்கு வருடம் ஆகியிருந்தது. திரும்பவும் இரத்தம் படுகிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்திருக்கிறார். பழைய கைலியைச் சதுரமாகக் கிழித்து, மடித்து, ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்தார். தினமும் விடியற்காலையில் அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போயிருக்கிறார். மருந்தகத்துக்கு வந்தபோது நாற்காலியில் உட்காரமாட்டேன் என்றார், கறை பட்டுவிடும் என்று. நின்றுகொண்டேதான் பேசினார். கர்ப்பப்பை வாய்ப் புற்று, முற்றியிருந்தது. பதினேழு வயதில் கல்யாணம், அவருக்குத் தெரிந்த ஆண் அவருடைய வீட்டுக்காரர் ஒருவர்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டதும் நீங்கள் கேட்டதுதான் ஐயா. "நான் என்னம்மா தப்புச் செய்தேன்?"

கிருமியைக் கொண்டுவர ஒருவர் போதும், அது தாலி கட்டிய கையாக இருக்கலாம். அவருக்கும் தெரிந்திருக்காது. பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தக் கிருமி வரும். பலருக்கு ஓரிரு வருடத்தில் தானாகப் போய்விடும், ஓர் அறிகுறியும் இருக்காது. போகாமல் தங்கியவர்களில் சிலருக்கு பதினைந்து, இருபது வருடம் கழித்துப் புற்றாக மாறும். நம் மகளை நாம் எப்படி வளர்த்தாலும், மருமகனை வேறு யாரோதான் வளர்த்திருக்கிறார்கள்.

மூன்று பெண்களின் தாய்
எனக்கு வேறொரு கோபம். மகள் பெரியவள் ஆனதும் நாம் என்ன செய்கிறோம்? மண்டபம் எடுக்கிறோம். வாசலில் ஆள் உயரத்துக்கு அவள் படத்தைப் போட்டுப் பதாகை கட்டுகிறோம். முந்நூறு பேருக்குப் பத்திரிகை வைத்து, ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு, இவள் கருத்தரிக்கும் உடம்பு பெற்றுவிட்டாள் என்று ஊருக்கே சொல்கிறோம். அப்போது கூச்சம் எங்கே போனது? சடங்குக்கு வந்தவர்கள் மொய் எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்தக் கருப்பைக்கு ஓர் ஊசி என்றால் மட்டும் "சின்னப் பிள்ளை" ஆகிவிடுகிறாள்.

என் மூத்தவள் பள்ளியில் போட்டுக்கொண்டாள். இரண்டாமவளுக்குக் கோவிட் காலத்தில் பள்ளி மூடியிருந்ததால் விட்டுப்போனது. தனியார் மருந்தகத்தில் விசாரித்தேன், ஓர் ஊசிக்கே சில நூறு வெள்ளி சொன்னார்கள். சாமி மேடையில் வைத்திருக்கிறீர்களே தம்பி, அந்தப் பாரம் இலவசம். காலம் தாண்டினால் உங்கள் சட்டைப்பையில் இருந்து போகும்.

செம்பனை நிழல்
தாதி அம்மாவுக்கு நன்றி. மருந்தைப் பற்றி என் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. பாரத்தைப் பற்றித் தீரவில்லை. நீங்கள் இங்கே எழுதியதில் பத்தில் ஒரு பங்கைத் தமிழில் அச்சடித்து அந்தப் பாரத்தோடு பின் அடித்து அனுப்பினால் இந்த ஊரில் எத்தனை தாய்மார்கள் படிப்பார்கள்? பெற்றோர் கூட்டத்தில் கூரைப் பணமும் விளையாட்டுப் போட்டியும் பேசுகிறார்கள், இதை ஒருவரும் பேசுவதில்லை. "ஆம்", "இல்லை" என்று இரண்டு கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டுச் சம்மதம் வாங்கியதாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இன்னொன்று, ஆண் பிள்ளைகளுக்கு ஏன் இல்லை? ஆஸ்திரேலியா 2013இல் இருந்தே பையன்களுக்கும் போடுகிறது. கொண்டுவருகிறவனை விட்டுவிட்டு வாங்கிக்கொள்கிறவளுக்கு மட்டும் குத்துகிறோம்.

ஓய்வு பெற்ற தாதி
இரண்டிலும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பையன்களுக்கும் வரவேண்டும் என்பதுதான் என் ஆசையும். அதுவரை பெண் பிள்ளைகளைக் காக்கவைக்க என்னால் முடியாது. ஸ்காட்லாந்தில் பன்னிரண்டு, பதிமூன்று வயதில் முழுமையாக ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்று வரவில்லை என்று 2024இல் எழுதினார்கள். இது எல்லா வகைக் கிருமியையும் தடுக்காது. புற்றுக்கு 70 விழுக்காடு காரணமான 16, 18 என்ற இரண்டு வகைகளைத்தான் முக்கியமாகக் குறிவைக்கிறது. ஆகவே ஊசி போட்டவளும் முப்பது வயதில் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

சிப்புட்காரன் தம்பி, உங்கள் மனைவியிடம் ஊசியைப் பற்றிப் பேசுவதை இரண்டு நாள் நிறுத்துங்கள். அவர் கடைசியாக எப்போது பாப் சோதனை, அதாவது கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை, செய்தார் என்று மட்டும் கேளுங்கள்.

சிப்புட்காரன்
கேட்டேன் அம்மா. கடைக்குட்டி பிறந்த பிறகு ஒருமுறை வரச்சொன்னார்களாம், ஆண் டாக்டர் இருப்பார் என்று பயந்து போகவில்லையாம். அந்தக் கடைக்குட்டிக்கு இப்போது ஒன்பது வயது. அவ்வளவு நாளாக என்னிடம் சொல்லவே இல்லை. நானும் கேட்டதில்லை. இன்று காலையில் சாமி மேடையைத் துடைத்தவள் பாரத்தை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இதில் கர்ப்பப்பை என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள். காட்டினேன். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமை மருந்தகத்துக்குத் தானே போய்க் கேட்டுவிட்டு வருகிறாளாம்.

ஓய்வு பெற்ற தாதி
போகட்டும். இப்போது பல இடங்களில் பஞ்சுக்குச்சியைக் கையில் கொடுத்துத் தனியறையில் தாமே மாதிரி எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்த வசதி இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். டாக்டர் ஆணா பெண்ணா என்ற பேச்சே வராது.

பழைய கிராணி
என் பேத்திக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. நான் இன்னும் சம்மதம் சொல்லவில்லை, முடிவு செய்வது அவள் அப்பன் பாடு. ஆனால் அந்தக் காணொளியை இனிமேல் யாருக்கும் அனுப்பவில்லை. பால் மரம் சீவிய அந்த அம்மா எந்தத் தோட்டம்?

ஓய்வு பெற்ற தாதி
அது வேண்டாம் ஐயா.

சிப்புட்காரன்
புதன்கிழமை இரவு எழுதுகிறேன். போட்டுவிட்டாள். பேனா எழுதவில்லை என்று மகளின் பென்சில் பெட்டியில் இருந்து ஊதா நிறப் பேனா எடுத்துப் போட்டிருக்கிறாள், பள்ளியில் ஏற்றுக்கொள்வார்களா தெரியவில்லை. மகளுக்கு ஊசியைப் பற்றிக் கவலை இல்லை. பையன்கள் முன்னால் மயங்கி விழுந்துவிடுவேனோ என்பதுதான் அவள் பயம். அன்று காலையில் சாப்பிடலாமா அம்மா?

ஓய்வு பெற்ற தாதி
கட்டாயம் சாப்பிட வேண்டும். ஊசி போட்ட பிறகு கால் மணி நேரம் எழுந்திருக்கக்கூடாது. பாஜு கூரோங் சீருடையின் நீளக் கை மேலே ஏறாது, உள்ளே அரைக்கைச் சட்டை போட்டு அனுப்புங்கள்.

97இல் பிறந்தவள்
மைலோ பெட்டியை மட்டும் கையில் கொடுக்காதீர்கள்.