ஒன்பதாவது படிக்கிற பொண்ணு, எல்கேஜில இருந்து ஃப்ரெண்டா இருந்தவகூட ரேங்க் சண்டை. யார்கிட்ட பேசறது?

உறையூர்_அம்மா (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு ஒன்பதாவது, திருச்சில ஒரு கேர்ள்ஸ் ஸ்கூல், மெட்ரிக். எதுத்த வீட்டு பொண்ணும் இவளும் எல்கேஜில இருந்து ஒண்ணா ஒரே வேன்ல போறதுங்க, இவ டிபன அவ சாப்பிடுவா அவ டிபன இவ சாப்பிடுவா, தீபாவளிக்கு ஒரே கலர் சுடிதார்தான் வேணும்னு அடம் புடிச்சு கடை கடையா ஏற வெச்சதுங்க. ரேங்க்ல ஒருத்தி பர்ஸ்ட்னா இன்னொருத்தி செகண்ட், அது பாட்டுக்கு மாறி மாறி வரும், ஒரு சண்டையும் கிடையாது.

இந்த வருஷம் வந்த கிளாஸ் மிஸ் ரேங்க் வாரியா உக்கார வெக்கிறாங்க. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் பைய தூக்கிட்டு இடம் மாறணும். அதுல இருந்துதான் எல்லாம். அவ பரிட்சை அன்னிக்கு வேன்ல "ஐயோ நான் ஒண்ணுமே படிக்கலடி, போச்சுடி"ன்னு புலம்புவாளாம், பேப்பர் வந்தா 98. எங்க வீட்டு அம்மணி மட்டும் லேசுப்பட்டவளா, எங்க மாடி லைட்டு அவங்க வீட்ல இருந்து தெரியும்னு லைட்ட அணைச்சுட்டு போர்வைக்குள்ள செல்போன் டார்ச் அடிச்சு படிக்குது. அந்த பொண்ணு காய்ச்சல்னு லீவு போட்டப்ப இவ நோட்டு குடுத்தா, ஆனா மிஸ் முக்கியம்னு சொன்ன கொஸ்டின மட்டும் சொல்லவே இல்லயாம்.

சரி படிப்புல போட்டிதானேன்னு விட்டேன். இப்ப என்னன்னா இவள மட்டும் விட்டுட்டு புதுசா வாட்சப் குரூப் ஆரம்பிச்சிருக்காங்க, ஆனுவல் டே டான்ஸ்ல ஜோடி ஜோடியா ஆடணும், ஒத்தப்படை ஆகுதுன்னு சொல்லி இவ பேர எடுத்துட்டாங்க. யாராவது இவகிட்ட பேசுனா அந்த பொண்ணு அவங்ககூட கா விட்டுருவாளாம். ஒன்பதாவது படிக்கிறதுங்க இன்னும் கா, பழம்! பொண்ணு அழக்கூட இல்ல, அதான் பயமா இருக்கு. காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு "அவள தாண்டணும்மா, அவ்ளோதான்"ங்கிறா. அவங்க அம்மாகிட்ட பேசலாமா, செக்‌ஷன் மாத்தலாமா?

ராக்கி_81

பொண்ணுங்கன்னாலே இப்படித்தாங்க. பசங்கன்னா கிரவுண்ட்ல நாலு சாத்து சாத்திட்டு சாயங்காலம் ஒரே சைக்கிள்ல டபுள்ஸ் போயிருவானுங்க. இதுங்க வருஷக்கணக்கா மனசுல வெச்சிருக்கும். மார்க் ஏறுதுல்ல, விடுங்க. அடுத்த வருஷம் பப்ளிக், 500க்கு எவ்ளோன்னுதான் ஊரு கேக்கும்.

சாக்பீஸ்

ராக்கி சார், நான் கோ-எட்லயும் இருந்திருக்கேன் பாய்ஸ் ஸ்கூல்லயும் இருந்திருக்கேன், பசங்க குரூப்ப விட்டு தூக்குறது, பட்டப்பேரு வெச்சு ஒருத்தன ஒதுக்குறது எல்லாம் அமோகமா நடக்கும், நமக்கு அடிதடி மட்டும்தான் கண்ணுல படும். "நீ அவகூட பேசுனா என்கூட பேசாத"ங்கிற மாதிரி உறவ வெச்சே காயப்படுத்துறத 1995ல அமெரிக்காவுல ஆராய்ச்சி பண்ணி அது பொண்ணுங்ககிட்டதான் ஜாஸ்தின்னு எழுதுனாங்க, அது அப்படியே எல்லார் வாயிலயும் ஒட்டிக்கிச்சு. அப்புறம் 2008ல 148 ஆய்வுகள ஒண்ணா சேத்து பாத்தா இந்த விஷயத்துல ஆணுக்கும் பொண்ணுக்கும் வித்தியாசம் ரொம்ப ரொம்ப கம்மின்னு வந்துச்சு. அது யாருக்கும் ஞாபகம் இல்ல. பொண்ணுங்க சேந்து அடிச்சுக்கலன்னா பேசறதுக்கு நமக்கு என்ன இருக்கு.

அம்மா, எனக்கு இதுல ரெண்டு விஷயம் தனித்தனியா தெரியுது. டார்ச் அடிச்சு படிக்கிறது, படிக்கலன்னு பொய் சொல்றது எல்லாம் எல்லா கிளாஸ்லயும் உண்டு, அதுக்கு நீங்க போய் நின்னா ரெண்டும் சேந்து உங்கள பாத்து சிரிக்கும். ஆனா ஒரு கிளாஸே பேசாம இருக்கிறது வேற. அதுக்கு மட்டும் போங்க. போறப்ப அந்த பொண்ணு பேர சொல்லி போகாதீங்க, ரேங்க் வாரி சீட்ட சொல்லி போங்க. 2017ல கவர்மெண்டே பத்தாவது, பன்னெண்டாவதுக்கு மாநில ரேங்க் வெளியிடுறத நிறுத்திருச்சு, பிள்ளைங்க மேல பிரஷர் வேணாம்னு. பப்ளிக் எக்ஸாமுக்கே இல்லாத ரேங்க் ஒன்பதாவது மாச டெஸ்ட்டுக்கு எதுக்குன்னு கேளுங்க, பதில் வராது. பள்ளிக்கல்வித்துறை ஹெல்ப்லைன் 14417 இருக்கு, பொண்ணே கூட பேசலாம். முதல்ல ஸ்கூல்லயே கேளுங்க.

செக்‌ஷன் மாத்த வேணாம். ஓடிட்டான்னு ஒரு பேச்சு அதுக்கு மேல வரும்.

பழைய_சென்டம்

நான் 2009 செட். அப்ப +2 1200க்கு. ரிசல்ட் அன்னிக்கு காலைலயே மாநில ரேங்க் பேரெல்லாம் டிவில ஓடும், ஸ்கூல் வாசல்ல போட்டோவோட ஃப்ளெக்ஸ். என்கூட ஒருத்தி இருந்தா, ரெண்டு பேரும் ப்ளஸ் ஒன் நடுவுல இருந்து பேசல. பேப்பர் குடுத்ததும் அவ முகத்த நான் பாப்பேன், என் முகத்த அவ பாப்பா, மார்க்க அப்புறம்தான் பாப்போம். கெமிஸ்ட்ரி மேம் வேற "அவ சென்டம், உனக்கு என்னாச்சு"ன்னு ஸ்டாஃப் ரூம்ல கூப்பிட்டு கேப்பாங்க, அவளையும் இப்படியே கூப்பிட்டு கேட்டிருக்காங்கன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சது.

நுழைவுத்தேர்வையே கவர்மெண்ட் தூக்குனப்புறம் இன்ஜினியரிங்குக்கு மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200க்கு கட்-ஆஃப். தமிழ்ல யாரு பர்ஸ்ட், இங்கிலீஷ்ல யாரு பர்ஸ்ட்னு நாங்க அடிச்சுக்கிட்டது எதுவும் அதுல கணக்குலயே இல்ல. ரெண்டு பேருக்கும் கால் மார்க்தான் வித்தியாசம், ஒரே காலேஜ், ஹாஸ்டல்ல பக்கத்து பக்கத்து ரூம். அங்க போனா எங்க விங்ல பாதி பேரு ஸ்கூல் பர்ஸ்ட். முதல் செமஸ்டர் கிராஃபிக்ஸ்ல எங்க ரெண்டு பேருக்கும் அரியர். அந்த வாரம்தான் மறுபடி பேசுனோம்.

உறையூர் அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா, கோச்சுக்காதீங்க. பேப்பர் வந்தா வீட்ல முதல் கேள்வி "எவ்ளோ?"வா, "அவ எவ்ளோ?"வா?

உறையூர்_அம்மா

ஏம்மா, எந்த வீட்ல கேக்கல? மிஸ்ஸே பேரண்ட்ஸ் குரூப்ல முதல் பத்து பேரு லிஸ்ட போட்டு கிளாப் பண்ற பொம்ம போடுறாங்க, கண்ண மூடிக்கிட்டா இருக்க முடியும்? அவங்க அம்மா முதல் ஆளா கங்கிராட்ஸ் போடுவாங்க, நான் போடலன்னா பொறாமைன்னு ஆயிரும். நான் கேட்டதாலதான் டான்ஸ்ல இருந்து தூக்குனாங்களா?

சாக்பீஸ் சொன்னது சரியா படுது. சனிக்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங். அவங்க அம்மாவும் வருவாங்க, தெருவுல இப்ப பாத்தா சிரிக்கிறதோட சரி. சீட்ட பத்தி ரெண்டு பேருமா சேந்து கேக்கலாமான்னு பாக்குறேன். போன டெஸ்ட்ல அந்த பொண்ணு அஞ்சாவது இடத்துக்கு போயிருச்சு, அங்கயும் வீட்ல நல்லா இருக்காதுல்ல.

பழைய_சென்டம்

ஐயோ நீங்கதான் காரணம்னு சொல்லலங்க. அவளும் அஞ்சாவதுக்கு போனான்னா அதான், குரூப்ப கையில புடிச்சிருக்கா. ரேங்க் போனாலும் அது இருக்குன்னு.

வெந்தயக்குழம்பு

சேந்து போங்க, ரொம்ப நல்லது. வாயால சொன்னா மிஸ் தலையாட்டிட்டு மறந்துருவாங்க, ஹெச்செம்முக்கு ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு எழுதி குடுங்க, குரூப்ல லிஸ்ட் போடுறதையும் சேத்து எழுதுங்க. அவங்க அம்மாவ இன்னிக்கே பாத்து பேசிருங்க, மீட்டிங்ல வெச்சு திடீர்னு கேட்டா மாட்டேன்னுதான் வரும். அங்க டான்ஸ் விஷயத்த மட்டும் எடுத்துராதீங்க. எங்கம்மா எட்டாவதுல எனக்காக ஸ்கூல்ல வந்து டான்ஸ்ல சேத்து விட்டாங்க, கடைசி வரிசைல நின்னு ஆடுனேன், ப்ளஸ் டூ வரைக்கும் எனக்கு பேரு "அம்மா கோட்டா".

ராக்கி_81

அம்மா கோட்டா 😂 சரி நான் சொன்னத வாபஸ் வாங்கல, ஆனா ரேங்க் வாரி சீட்டு தப்புதான். நான் எப்பவும் கடைசி பெஞ்ச், எனக்கு பிரச்சனையே வரல.