3.4 கிலோமீட்டருமா லேசர்?

பள்ளத்தூரான்: கட்டுறா எலக்ட்ரான் லேசர் (அணுவில் கட்டுண்டிராத எலக்ட்ரான்களை வேகமாக ஓட்டி, காந்தங்களால் நெளியவைத்து ஒளி எடுப்பது) என்பது ஜெர்மனியில் கிடக்கும் 3.4 கி.மீ. நீளப் பொம்மை, யாருக்கும் பிரயோஜனமில்லை என்று நேற்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். வயிற்றெரிச்சல். ஹாம்பர்க்கில் 2017இல் திறந்த நிலையத்தின் மொத்த நீளம்தான் 3.4. பெரும்பகுதி எலக்ட்ரானை முடுக்கவும், வந்த ஒளியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோகவும்தான். ஒளி பிறப்பது, வடக்கும் தெற்குமாகக் காந்தங்களை மாற்றி மாற்றி அடுக்கிய சுமார் 200 மீட்டரில்.

தேவகோட்டையார்: அந்தப் பெரியவர் நான்தான் தம்பி. 3.4 என்று நீங்களே ஒப்புக்கொண்டாயிற்று, சரி.

பள்ளத்தூரான்: எங்கே ஒப்புக்கொண்டேன்? நம்ம வீட்டு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அதற்காக மொத்த வீட்டையும் அடுப்படி என்பீர்களா அண்ணே?

தேவகோட்டையார்: முடுக்கி இல்லாமல் உங்கள் லேசர் எரியுமா? எரியாது. ஆக 3.4.

புதுவயல் மாப்பிள்ளை: பயன் என்னவென்று யாராவது சொல்லுங்களேன். எங்கள் அப்பச்சிக்குக் கண்ணில் வைத்தது இந்த லேசரா?

பள்ளத்தூரான்: அது வேறு. ஆப்பிரிக்கத் தூக்க நோய்க் கிருமியின் புரதம் ஒன்றை ஸ்டான்போர்டு எக்ஸ்-கதிர் லேசரில்தான் படம் பிடித்தார்கள், 2012இல் கட்டுரை வந்தது. புரதப் படிகம் சிதறுவதற்குள் ஒளித் துடிப்பு கடந்துவிடும், படமும் கிடைத்துவிடும். எந்த இடத்தில் மருந்து பூட்டுப்போட வேண்டும் என்று அதில் பார்க்கலாம். 1999இல் அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இதே லேசரின் அகச்சிவப்பு வகையை வைத்து மூளைக்கட்டியையே அறுத்தார்கள். இந்தூரிலும் ஒன்று இருக்கிறது. இதெல்லாம் பொம்மையா?

தேவகோட்டையார்: மாத்திரை கடைக்கு வந்ததா? 3.4 கி.மீ. கட்டியும் மாத்திரை இல்லை!

பள்ளத்தூரான்: அய்யோ, 3.4 ஹாம்பர்க், நான் சொன்னது அமெரிக்கா. இன்னொன்றும் கேளுங்கள், 1977இல் அமெரிக்க இயற்பியலாளர் மேடியின் குழு இந்த வகையில் முதன்முதலாக எரியவைத்த லேசரின் அலைநீளம் 3.4 மைக்ரோமீட்டர். லேசருக்கு 3.4 என்றால் அதுதான்.

தேவகோட்டையார்: பார்த்தீர்களா, அங்கேயும் 3.4!

புதுவயல் மாப்பிள்ளை: அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் செக்ரி ஆய்வு நிலையத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தபோது மாத்திரை எங்கே என்று கேட்டிருந்தால் காரைக்குடி என்னவாகியிருக்கும்?

தேவகோட்டையார்: செக்ரி மின்வேதியியல் மாப்பிள்ளை, ஊடே வராதீர்கள்.

பள்ளத்தூரான்: சுடாமலே செய்யும் ஆத்தங்குடித் தரைக்கல்லைச் சூளையில் சுடுவார்கள் என்று அடித்துச் சொன்னவரா எங்களுக்குப் பாடம் எடுப்பது?

தேவகோட்டையார்: அது போன மாதக் கதை. சுடுவார்கள் என்று நான் சொல்லவில்லை, சூடாக இருக்கும் என்றேன். பழைய இழையைத் தேடிப் பாருங்கள்.

பள்ளத்தூரான்: தேடிவிட்டேன். நீக்கியிருக்கிறீர்கள்.