அந்தாட்டிக்கா ஆய்வு நிலையத்துக்குக் கப்பலில் போய்ப் பார்ப்பது சரியா?

வல்வையான்:
போன தை மாதம் மகளோடு அந்தாட்டிக்கா போய்வந்தேன். ஆர்ஜென்ரீனாவின் உசுவாயாவில் கப்பல் ஏறி, இரண்டு நாள் டிறேக் கடலில் அல்லாடி, உக்ரேனின் வெர்னாட்ஸ்கி ஆய்வு நிலையத்தில் இறங்கினோம். முன்பு அது பிரித்தானியரின் ஃபரடே நிலையம். 1996இல் ஒரேயொரு பவுணுக்குக் கைமாறியது. ஓசோனை அளக்கும் டொப்சன் கருவியைக் காட்டினார்கள். பார்வைக்கு ஒரு நீளப் பெட்டி, அவ்வளவுதான். 1985இல் ஓசோன் ஓட்டையை அறிவித்த கட்டுரைக்கு இந்த இடத்து அளவுகளும் பயன்பட்டன. அதன் முன்னால் நின்றபோது கண் கலங்கிவிட்டது. வசதி உள்ளவர்கள் ஒருமுறையாவது போக வேண்டும்.

பூநாரை:
அண்ணை, உங்கள் சந்தோஷம் விளங்குகிறது. அந்தக் கடைசி வரியோடுதான் எனக்கு உடன்பாடில்லை. இப்போதே ஒரு பருவத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் போகிறார்கள். கப்பல் புகைக் கரி பனியில் படிந்தால் பனி கறுத்து, வெயிலை உறிஞ்சிக் கூடுதலாக உருகும். 2022இல் வந்த ஓர் ஆய்வு, பயணி ஒருவருக்குச் சுமார் 83 தொன் பனி என்று கணக்கிட்டது.

நான் மண்டைதீவுப் பக்கம் பறவை எண்ணப் போகிறவள். ஒரு பின்னேரம் ஒருவர் படமெடுப்பதற்காக நீருக்குள் பத்தடி வைத்தார். பூநாரைக் கூட்டம் முழுக்க எழும்பிவிட்டது. இருட்டும்வரை நின்று பார்த்தேன், அந்த இடத்தில் ஒன்றுகூடத் திரும்ப இறங்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. பறவையில் ஆசை உள்ளவர்தான்.

வல்வையான்:
தங்கச்சி, அந்த 83 தொன் கணக்கு எனக்குத் தெரியாது. மனதை உறுத்துகிறது. ஆனால் அங்கே நினைத்தபடி இறங்க விடமாட்டார்கள். 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் ஆட்களைக் கரையில் இறக்கவே கூடாது. ஒரே நேரத்தில் கரையில் 100 பேர்தான். பென்குயினில் இருந்து 5 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். மகளின் கையுறை வெல்க்ரோவில் ஒரு புல் விதை சிக்கியிருந்தது. கப்பலில் வேலை செய்த பிள்ளை அதைச் சாமணத்தால் பிடுங்கிய பிறகுதான் படகில் ஏறவிட்டாள்.

பூநாரை:
அந்த விதைதான் என் பயமே. அங்கேயே இருக்கிற போலந்தின் ஆர்க்டொவ்ஸ்கி ஆய்வு நிலையத்தைச் சுற்றி வெளியூர்ப் புல் வேரூன்றி, அதைப் பிடுங்கிப் பிடுங்கிக் களைத்துப்போனார்கள்.

வல்வையான்:
அது ஆய்வாளர்களின் சாமானோடு வந்ததென்றுதான் சொல்கிறார்கள். அப்போ அவர்களும் போகக் கூடாதா?

கோப்பாய் மாஸ்டர்:
ஒரு விளக்கம். தம்பி சொல்லும் 500, 100 கணக்கைக் கப்பல் கொம்பனிகளின் சங்கமான ஐயாட்டோ தன் உறுப்பினர்மேல் கட்டாயமாக்கியிருக்கிறது. 1959 அந்தாட்டிக்கா ஒப்பந்தத்திலோ சுரங்கத்தைத் தடுத்த 1991 மட்ரிட் உடன்பாட்டிலோ, வருடத்துக்கு மொத்தம் எத்தனை பேர் வரலாம் என்ற உச்சவரம்பு இல்லை. அதைக் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். நானும் சேர்ந்து கேட்கிறேன்.

பூநாரை:
நன்றி மாஸ்டர். அண்ணை, ஆய்வாளர் போவது வேலைக்கு. நாங்கள் போனால் அவர்கள் வேலையை விட்டுவிட்டு எங்களுக்குச் சுற்றிக் காட்ட வேண்டும். 2024 பெப்ரவரியில் அங்கே பறவைக் காய்ச்சல் உறுதியானது. அதைக் கொண்டுபோனவை பறவைகள்தான், பயணிகள் இல்லை. ஆனாலும் நோய் நிற்கிற இடத்தில் கரைக்குக் கரை சப்பாத்தோடு இறங்குகிறோமே!

வல்வையான்:
அந்தாட்டிக்காவின் போர்ட் லொக்ரோயில் பிரித்தானியர் 1944இல் கட்டிய பழைய தளம் இப்போது அருங்காட்சியகமும் தபால் நிலையமுமாக இருக்கிறது. அங்கே முத்திரை விற்ற காசில் பழைய கட்டடங்களைப் பராமரிக்கிறார்கள். ஆட்கள் போகாவிட்டால் அந்தக் காசு எங்கே? அப்புறம், 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்த அன்னபூரணி எங்கள் ஊரான வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல். தூரக் கடல் வேண்டாம் என்றால் எனக்கு மனம் ஒப்பாது.

பூநாரை:
சரி, அந்த டொப்சன் கருவிப் படத்தைப் போடுங்கோ. நான் படிப்பிக்கிற பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். பத்தாம் வகுப்பில் ஓசோன் பாடம் இந்தக் கிழமை.

வல்வையான்:
இன்றிரவு போடுகிறேன். நானே வந்து சொல்லவும் தயார். ஆனால் இரண்டாம் முறை போகும் எண்ணத்தை விட்டுவிட்டேன் என்று மட்டும் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன், தங்கச்சி.