மறு: பேஜ் ஃபால்ட் – பக்கப் பிழையா, பக்க இடறலா?

அனைவருக்கும் வணக்கம். ஒரு நிரல் தொட்ட நினைவகப் பக்கத்தை அப்போதைக்கு அணுக முடியாதபோது, செயலி நிரலை நிறுத்திவிட்டு இயங்குதளத்திடம் ஒப்படைப்பதே பேஜ் ஃபால்ட் (page fault). அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி.

> "பக்கப் பிழை" என்றே எழுதிப் பழகிவிட்டோம். இப்போது எதற்கு மாற்ற வேண்டும்?

பாடம் படித்துத் தேர்வு எழுதும் வரை அந்தச் சொல்லால் பெரிய கெடுதல் இல்லை. இயங்குதளத்தின் கருவான கெர்னலைத் தொட்டு நிரல் எழுத உட்காரும்போதுதான் அது வழியை மறிக்கிறது.

பயிற்சிக்கென்றே எம்ஐடி 2006-இல் உருவாக்கிய எக்ஸ்வி6 (xv6) என்ற சிறு இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு செயல்முறை (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) தன்னைப் போலவே ஒரு சேயை உருவாக்க ஃபோர்க் அழைத்தால், தாயின் நினைவகம் முழுவதும் 4096 பைட் பக்கங்களாகச் சேய்க்கு நகலாகும். மாணவருக்குத் தரும் ஒரு பயிற்சி இது: நகலெடுக்காதே, இருவரும் ஒரே பக்கங்களைப் பகிரட்டும், எந்தப் பக்கம் எங்கே, அதற்கு என்ன அனுமதி என்று குறிக்கும் பக்க அட்டவணையில், எழுதும் அனுமதியை மட்டும் எடுத்துவிடு. சேய் எழுதப் போனதும் செயலி அந்த ஆணையிலேயே நின்று கெர்னலுக்குள் வருகிறது. ரிஸ்க்-ஃபைவ் செயலியில் காரணம் சொல்லும் ரெஜிஸ்டரில் (செயலிக்குள் உள்ள சிறு நினைவிடம்) 15 என்ற குறியெண் இருக்கும். எந்த முகவரி என்பது இன்னொரு ரெஜிஸ்டரில். கெர்னல் புதுப் பக்கம் ஒதுக்கி, நகலெடுத்து, அனுமதி தந்து, அதே ஆணையை மறுபடி ஓடவிடுகிறது. நிரல் தானே கெர்னலிடம் வேலை கேட்கும் சிஸ்டம் கால் முடிந்து திரும்பும்போது, நின்ற ஆணையின் முகவரியோடு 4 கூட்டி அடுத்த ஆணைக்குப் போகிறோமே, அதை இங்கே செய்யக் கூடாது. செய்தால் எழுத வேண்டியதை எழுதாமலே நிரல் தாண்டிப் போய்விடும்.

இதில் யார் பிழை செய்தார்கள்? எல்லாம் திட்டமிட்டபடியே நடந்தது. ஆனால் "பிழை" என்று மனத்தில் பதிந்த மாணவரின் கை, செயல்முறையை அங்கேயே கொல்லும் வரியைத்தான் முதலில் எழுதும்.

> அப்படியானால் "பக்கமின்மை"?

கேட்க நன்றாக இருக்கிறது. பக்கம் நினைவகத்தில் இல்லாமல் வட்டில் கிடந்தால் பொருந்தவும் செய்யும். ஆனால் மேலே சொன்ன இடத்தில் பக்கம் இருக்கிறது, எழுத அனுமதிதான் இல்லை. "பக்கப் பொறி"யும் சரிவராது. டைமர், சிஸ்டம் கால் எல்லாமே கெர்னலுக்குள் பொறி (ட்ராப்) வழியாகத்தான் வருகின்றன.

என் பரிந்துரை "பக்க இடறல்". கால் இடறியவர் நின்று, தடையை விலக்கிவிட்டு, அதே அடியை மறுபடி எடுத்து வைக்கலாம். ஏன் இடறியது என்பதைச் சொல் முன்கூட்டியே தீர்மானிக்கவில்லை. வினையாகவும் வளைகிறது: "சேய் இந்த முகவரியில் இடறியது", "இடறிய ஆணை", "இடறல் கையாளி". படிக்கையில் வரும் 13, எழுதுகையில் வரும் 15 இரண்டுக்கும் ஒத்துவரும். செயல்முறைக்கு உரிமையே இல்லாத முகவரியைத் தொட்டால் மட்டும் "அத்துமீறல்" என்போம். அங்கே செயல்முறையை முடித்துவிடுவதுதான் முறை.

ஆய்வகத்தில் பாடம் நடத்துபவர்கள் அடுத்த பயிற்சித் தாளில் இதைப் போட்டுப் பாருங்கள். மாணவர்கள் தங்களுக்குள் பேசும்போது இந்தச் சொல் வாயில் வருகிறதா என்று தெரிய வேண்டும். வேறு சொல் முன்வைப்பவர்கள், ஆணையையே எடுக்க முடியாதபோது வரும் 12-க்கும் அது பொருந்துகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்.